அவர் சொல்லாத பிறந்தநாள்

அட்டனுக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில் உளவளத்துணையாளராக நான் பணியாற்றிய காலத்தில், கொழும்பில் புடவைக்கடை வேலையை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். தூக்கமில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, விட்டு வெளியே போவதேயில்லை என்பார். இரண்டு தவணை அவர் வராமற்போகவே, ஓர் இரவு அவருடைய பெயரை முகநூலில் தேடினேன். அக்கறையினால் தேடுகிறேன் என்றே அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கறைதான் காரணமென்றால் மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்திருக்கலாம், இலக்கம் கோப்பிலேயே இருந்தது.

மலையகத்தில் பெயரை வைத்து ஆளைத் தேடுவது எளிதன்று. குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒத்துப்போகும் நாலைந்து பேர் ஒரே தோட்டத்தில் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து. ஆயினும் முகம் தெரிந்ததால் கண்டுபிடித்தேன். முந்தைய வாரம் பதிவாகியிருந்த படங்களில் கேக், பலூன், தோளில் கைபோட்ட நண்பர்கள், நடுவில் சிரித்தபடி அவர்.

அடுத்த தவணையில், வெளியே போவதில்லை என்று அவர் வழமைபோல் சொன்னதும், "போன கிழமை பிறந்தநாளுக்குப் போனீங்கதானே" என்று கேட்டுவிட்டேன். சற்று நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத நான் உங்ககிட்ட சொல்லலியே மிஸ்."

படங்கள் இரண்டு ஆண்டு பழையவை. கைபேசி தம்பியிடம் இருந்தது. அண்ணனின் கணக்கிலேயே அவன் அவற்றைப் போட்டிருந்தான். வீட்டுக்கு ஒரு கைபேசி என்பது நானறியாத விடயமன்று, நானும் லயத்தில் வளர்ந்தவள்தான்.

இத்தகைய தேடலைப் பற்றி 2010ஆம் ஆண்டு 'ஹார்வர்ட் ரிவியூ ஆஃப் சைக்கியாட்ரி' இதழில் மூன்று மருத்துவர்கள் எழுதிய கட்டுரையைப் பின்னரே படித்தேன். ஏன் தேடுகிறேன், அது சிகிச்சைக்கு உதவுமா, நோயாளியின் சம்மதம் வேண்டுமா, கண்டதை அவரிடம் சொல்வேனா, கோப்பில் எழுதுவேனா என்று தேடுமுன் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். முதற்கேள்விக்கே என்னிடம் நேர்மையான பதில் இருந்திருக்காது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் தேடலை முற்றாகத் தவறென்று சொல்லவில்லை. நோயாளியின் நலனுக்காக மட்டுமே, ஆவலைத் தீர்த்துக்கொள்வதற்கல்ல, என்கிறது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாகக் கொள்கிறது. ஆனால் எவரும் பார்க்கக்கூடிய படத்தைத்தான் நான் பார்த்தேன், ஆகவே என்னை உறுத்தியது சட்டமன்று. இந்தக் காம்பிராவில் (ஒரு குடும்பத்தின் அறையில்) இருமினால் அந்தக் காம்பிராவில் கேட்கும் லயத்தில், ஒருவரைப் பற்றிய செய்தி அவருக்கு முன்பே எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய்விடும். தன் கதையைத் தானே, தான் விரும்பிய வரிசையில் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே இடம் எங்கள் அறை. அங்கேயும் செய்தி அவரை முந்திக்கொண்டது.

உயிராபத்து என்றால் இன்றும் தேடுவேன். தோட்டத்தின் பெயரும் அதன் பிரிவான டிவிஷனும் மட்டுமே முகவரியாக உள்ள ஒருவர் இரவில் விடைபெறுவதுபோல் செய்தி அனுப்பிவிட்டுக் கைபேசியை அணைத்துவிட்டால், அவருடைய நண்பர் யாரென்று அறிய வேறு வழியில்லாமற் போகலாம்.

அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். தேடிய நாளையும் கண்டதையும் கோப்பில் எழுதி, அவருக்கு வாசித்தும் காட்டினேன். தம்பியைப் பற்றிய வரி வேண்டாம் என்றார். அதை மட்டும் கோடிட்டு அடித்துக் கையொப்பமிட்டேன். அடுத்த கிளினிக்குக்கு அவர் வந்தார், அரைமணி நேரம் பிந்தி.