அம்பாரத்துக்குக் கீற்று

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

அம்மாவுக்கு இரண்டு இட்லி வைத்தேன். ஒன்றரை திரும்பி வந்தது. தண்ணீரை மட்டும் கணக்குப்படி குடித்து முடித்தார். பாட்டிலில் நான் மையால் போட்டிருக்கும் கோடுகளின்படி இரவுக்குள் 3 லிட்டர் ஆகிவிட்டது. இரத்த அழுத்தம் 110/70. உப்பைக் குறைத்தது பலன் தருகிறது என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 9, புதன்

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று அம்மா தட்டைத் தள்ளினார். வேதாரண்யத்து உப்பளக்காரரின் மகள் வேறு என்ன சொல்வார்? நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

சோப்பு போட்டாலும் கழலாத வளையல்கள், அம்மா கூந்தலை முடியக் கையைத் தூக்கியபோது முழங்கை வரை சரிந்தன. எடை பார்த்தேன்: 41 கிலோ. தீபாவளியின்போது 47 இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி, நள்ளிரவு

மாலையில் என்னைத் தன் தம்பியின் பெயர் சொல்லி அழைத்தார். “மழை இருட்டிக்கிட்டு வருது, உப்பு அம்பாரத்துக்குக் கீற்று போட்டாச்சா?” என்று மூன்று முறை கேட்டார். பக்கவாதம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரத்தத்தில் உப்புச்சத்தான சோடியம் 116, குறைந்தது 135 இருக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 12, சனி

உப்புநீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுகிறார்கள். சோடியத்தை ஒரே நாளில் மளமளவென்று ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்துவிடும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டதற்கெல்லாம் நான் பெருமையோடு வைத்திருந்த கணக்கையே பதிலாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது குற்றப்பத்திரிகையாக மாறியது. அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்திருக்கிறது. அது சிறுநீரோடு சோடியத்தையும் வெளியேற்றும், எடை குறைந்த முதிய பெண்களிடம் அந்த ஆபத்து கூடுதல். அட்டையின் பின்புறப் பொடி எழுத்தை நான் வாசித்ததே இல்லை. அதன்மேல் உப்பையும் நிறுத்தினேன். 3 லிட்டர் தண்ணீர் எல்லாருக்கும் நல்லது என்று கைப்பேசியில் வந்ததை நம்பி ஊற்றினேன். குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றுவதற்கே உணவிலிருந்து உப்பும் புரதமும் வேண்டும் என்றும், கஞ்சியும் தேநீரில் நனைத்த பிஸ்கட்டுமாக இருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீர் உடம்பிலேயே தங்கி இரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்றும் இன்றுதான் தெரிந்துகொண்டேன். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சுழியம் என்று யாரும் சொல்லவில்லை. அதை நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

122.

ஏப்ரல் 14, திங்கள்

127. புத்தாண்டு. தங்கை கொண்டுவந்த மாங்காய்ப் பச்சடியைத் தொட்டு நாக்கில் வைத்து, “வேப்பம்பூ கருகிப் போச்சு” என்றார் அம்மா. அவர் குறை சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஏப்ரல் 15, செவ்வாய்

உப்பு மட்டும் காரணமில்லை. வாய் துடைத்துவிட வந்த செவிலியர் கீழ்ப் பல்செட்டைக் கழற்றியபோது ஈறில் அவரைவிதை அளவுக்குப் புண் இருந்தது. ஈறு தேய்ந்து செட் தளர்ந்து, மென்றால் உரசியிருக்கிறது. தைப்பொங்கலிலிருந்து வலிக்கிறதாம். “உனக்கு எதுக்குச் செலவு” என்கிறார். சோறு இறங்காததற்குச் சுவைதான் காரணம் என்று நானும், என் பிடிவாதம்தான் காரணம் என்று தங்கையும் இத்தனை நாள் சண்டையிட்டோம். இரண்டு பேரும் அவர் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். 131. மாத்திரையை மாற்றிவிட்டார்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குள். இந்த வயதில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்றார் உணவியலாளர். அப்படியானால் 41 கிராம். ஒரு முட்டைக்கு 6, ஒரு தம்ளர் பாலுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. பிஸ்கட்டை வைத்து அதை எந்தக் காலத்தில் எட்டுவது? பாசிப்பருப்பைக் குழைத்துக் கஞ்சியில் கலந்தேன், உப்பு போட்டு. முக்கால் கிண்ணம் இறங்கியது.

ஏப்ரல் 18, வெள்ளி

பாட்டிலின் கோடுகள் தேய்த்தாலும் போகவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இரவு மூன்று மணிக்கு எழுப்பி, என் பெயர் என்ன என்று கேட்டேன். “தூங்க விடுறா” என்றார். பெயரைச் சொல்லவில்லை. விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

135. பல் மருத்துவர் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை செட் இல்லாமல்தான். மத்தி மீனை முள் எடுத்து மசித்துக் கொடுத்தேன். ஊறுகாய் எங்கே என்று கேட்டார்.