ஆனி ஆடிக்கு எஞ்சினை இறக்கி வைத்தோம்

நேற்று வள்ளத்திலிருந்து எஞ்சினைக் கழற்றி வீட்டுச் சாய்ப்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், எங்கள் ஃபைபர் வள்ளத்துக்கு இல்லை. ஆனாலும் ஆனி, ஆடியில் எங்கள் ஊரான குமரி மாவட்ட நீரோடிக் கரையிலிருந்து வள்ளம் தள்ளுவது உயிரோடு விளையாடுவது. சிலர் கேரளத்து விழிஞ்சம் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து தொழில் பார்ப்பார்கள். இந்த வருடம் நாங்கள் போகவில்லை.

பனி விழும் நாடுகளில் குளிர்காலத்துக்கு எஞ்சினை எடுத்து வைப்பார்களாம். எஞ்சினின் அடியில் புரொப்பல்லரைச் சுழற்றும் கியர் பெட்டிக்குள் தண்ணீர் நின்றால், அது உறைந்து பெட்டியே விரிசல் விட்டுவிடும். இங்கே நம் எதிரி உப்பு. கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் எஞ்சின் குளிர்கிறது; சும்மா கிடந்தால் அந்த வழியிலெல்லாம் உப்பு காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி பத்து நிமிடம் ஓடவிட்டோம். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின், கடைசியில் பெட்ரோலுக்கு மாற்றி, டியூபைப் பிடுங்கி, கார்புரேட்டர் வற்றித் தானாக நிற்கும்வரை விட்டோம். பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டுக் கயிற்றை நாலு தடவை இழுத்தாயிற்று.

அப்புறம் கியர் ஆயில். மாமா குனிந்து கீழ்த் திருகைத் திறந்தார். "மக்களே, நிறத்தைப் பாரு."

பால் விட்ட காப்பி மாதிரி வந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றினால் காரணம் கண்ணுக்கு முன்னால்: தண்டைச் சுற்றித் தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நரம்பு, ஏழெட்டுச் சுற்று, முடி போல இறுகி, தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலுக்குள்ளேயே வெட்டி ஏறியிருந்தது. கத்தி முனையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். இதைப் பார்க்காமல் மூடி வைத்திருந்தால் இரண்டு மாதத்தில் பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்திருக்கும். ஒரு சீலின் விலை எங்கே, கியர் பெட்டியின் விலை எங்கே! தயவுசெய்து புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள்.

இன்று புது சீல் போட்டு, தண்டுக்குக் கிரீஸ் தடவியாயிற்று. ஆயிலைக் கீழிருந்துதான் ஏற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே காற்று நிற்காது. மேல் ஓட்டையில் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடுங்கள், பிறகு கீழே.

எஞ்சின் இப்போது மரச்சட்டத்தில் நேராக நிற்கிறது, மிச்சத் தண்ணீர் வடியட்டும். மேலே பழைய லுங்கிதான். பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றினால் உள்ளே வியர்க்கும்.