வெட்னரி இன்டர்வியூ முடிஞ்சுது, சீட் கிடைக்குமா?

ஒரு வழியா வெட்னரி காலேஜ் இன்டர்வியூ முடிஞ்சுது மக்களே. எம்எம்ஐ முறை, அதாவது ஒரே பேனல் முன்னாடி உக்காராம ரூம் ரூமா போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் சில நிமிஷம் பேசணும், கனடாவுல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டி டாக்டர் படிப்புக்கு ஆரம்பிச்சது இப்ப மாட்டு டாக்டர் வரைக்கும் வந்துடுச்சு. ஒரு ரூம்ல, குணப்படுத்தக்கூடிய நாய்தான், ஆனா ஓனர் காசில்ல கருணைக்கொலை பண்ணிடுங்கன்னு கேக்குறார், என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. செலவு கம்மியான ட்ரீட்மென்ட், தவணை, தத்துக்கொடுக்குறதுன்னு எல்லாத்தையும் அவர்கிட்ட பேசிப் பாப்பேன்னேன், கேள்வி கேட்ட அந்தம்மா மூஞ்சில ஒரு ரியாக்‌ஷனும் இல்ல!! அதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுதான், இருந்தாலும் தூக்கம் வரல.

சான்ஸ் எவ்வளவுன்னு கேக்குறவங்களுக்கு, இன்டர்வியூவுக்கு கூப்பிட்டாலே பெரிய ஃபில்டர் தாண்டியாச்சு, ஆனா இருக்குற சீட்டை விட அதிகம் பேரைத்தான் கூப்பிடுவாங்க. வெயிட்லிஸ்ட்ல போட்டாலும் கதை முடியல, ரெண்டு மூணு இடத்துல கிடைச்சவங்க வேண்டாம்னு விட விட லிஸ்ட் நகரும். அதுவரைக்கும் பண்ணையில கன்னுக்குட்டிக்கு புட்டிப்பால் குடுக்குற வேலைய விடப்போறதில்ல, திரும்ப அப்ளை பண்ண வேண்டி வந்தா அந்த அனுபவமும் கணக்குல சேரும்ல. தினமும் இன்பாக்ஸ்ல வந்து ரிசல்ட் என்னாச்சுன்னு கேக்காதீங்க ப்ளீஸ், வந்தா நானே ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவேன்.