ஜன்னல் வெளிச்சத்துல கெட்டுப்போன மருந்து

ஆறு வருஷம் நான் பார்த்த வேலையை ஊர்ல யாருக்கும் ஒழுங்கா விளக்கினதில்ல, "ரத்தக்குழாய் ஆராய்ச்சி"ன்னு சொல்லி முடிச்சிடுவேன். குடல் ஆபரேஷன்ல வெட்டி எடுக்கற துண்டோட ஒட்டிக்கிட்டு வர்ற சின்ன ரத்தக்குழாயை, நோயாளி முன்னாடியே சம்மதம்னு கையெழுத்து போட்டிருந்தா மட்டும், தியேட்டர் வாசல்ல ஐஸ் டப்பாவோட காத்து நின்னு வாங்கிட்டு வந்து, அதோட சுவர்ல இருக்கற தசை செல்லை தனித்தனியா பிரிச்சு, கால்சியம் எந்த வழியா எவ்வளவு உள்ள போகுதுன்னு அளக்கறதுதான் வேலை.

பிரிக்கறதுதான் பெரிய பாடு. பப்பாளிப் பால்ல இருந்து எடுக்கற பப்பெயின்ங்கற என்சைம்ல முதல்ல ஊற வைக்கணும், அப்புறம் கொலாஜினேஸ்னு இன்னொரு என்சைம், ரெண்டுமே உடம்புச் சூட்டுல, கொஞ்சம் கூடிட்டா செல் கரைஞ்சு போகும், கொஞ்சம் குறைஞ்சா பிரியவே பிரியாது. நல்ல செல் ரெண்டு பக்கமும் கூரா, நீளமா, பளபளன்னு கிடக்கும். கால்சியம் இல்லாத தண்ணில இருக்கற வரைக்கும் நிம்மதியா நீண்டு கிடக்கற அது, கால்சியத்தை கொஞ்சம் கொஞ்சமா திரும்ப சேர்க்கறப்போ, சவ்வு அடிபட்டிருந்தா அப்படியே சுருண்டு உருண்டையாகிடும், காலைல இருந்து செஞ்சதெல்லாம் கண் முன்னாடியே போயிடும்.

ஏன்னா செல்லுக்கு வெளிய இருக்கற கால்சியம் உள்ள இருக்கறதை விட பத்தாயிரம் மடங்குக்கும் மேல. எல்-டைப் சேனல்னு சொல்ற கதவு கொஞ்சம் திறந்தாலே உள்ள கொட்டும், அங்க கால்மோடுலின்ங்கற புரதத்தைப் பிடிச்சு, தசையைச் சுருங்க வைக்கற என்சைமை எழுப்பி விடும். குழாயோட ஆரம் பத்துல ஒரு பங்கு குறைஞ்சா ரத்த ஓட்டத்துக்கான தடை ஒண்ணரை மடங்கா ஆகும், பிரஷர் ஏறுறதுல பெரிய பங்கு இதுதான். அந்தக் கதவு வழியா வர்ற கரண்டை பேட்ச் கிளாம்ப்ல, அதாவது மெல்லிசான கண்ணாடிக் குழாய் நுனியை செல்லு மேல ஒட்டி, அளந்து பார்க்கலாம், எர்வின் நேயர், பெர்ட் சாக்மன்னு ரெண்டு ஜெர்மன் விஞ்ஞானிங்க 1976ல காட்டின முறை, 1991ல நோபல் வாங்கினாங்க. கால்சியத்துக்குப் பதிலா பேரியம் போட்டு கரண்டை பெருசாக்கிக்கிட்டாலும் எனக்கு நூறு பிக்கோஆம்பியர் கூட வராத நாள்தான் அதிகம், ஒரு ஆம்பியரை லட்சம் கோடி பங்கு போட்டா வர்றது ஒரு பிக்கோஆம்பியர்.

நிஃபெடிபின்ங்கறது அந்தக் கதவை அடைக்கற பிரஷர் மருந்து, அதைப் போட்டா அந்த கரண்ட் அடங்கணும். ரெண்டு வாரம் அடங்கவே இல்ல. பாதி கூட குறையல. மனுஷ செல்லுல வேற வகை சேனல் இருக்கு போலன்னு லேப்ல பேச ஆரம்பிச்சாங்க, டி-டைப்னு சொல்ற இன்னொரு கால்சியம் கதவா இருக்கலாம்னு நானும் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன், கட்டுரைக்குத் தலைப்பு கூட யோசிச்சு வச்சேன். அப்புறம் ஒரு நாள், சந்தேகமே இல்லாம நிஃபெடிபினுக்கு அடங்கற எலி ரத்தக்குழாய் செல்லுல அதே மருந்தை விட்டுப் பார்த்தேன். அதுலயும் அடங்கல. அப்பதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன், மருந்து நிரப்பின சிரிஞ்ச் ஜன்னலுக்கு நேரா வெயில்ல தொங்குது. நிஃபெடிபின் வெளிச்சம் பட்டா வேற பொருளா மாறிடும், கதவை அடைக்காது. புத்தகத்துல படிச்சதுதான், ஃப்ரீஸர்ல இருந்த பாட்டிலுக்கு ஃபாயில் சுத்தினவனும் நான்தான், சிரிஞ்சுக்கு சுத்தல.

அஞ்சு பேர் கொடுத்த ரத்தக்குழாய் வீணாச்சு. அது இன்னும் உறுத்துது. சிட்னி ரிங்கர்ங்கற டாக்டர் லண்டன்ல தவளை இதயத்தை வச்சு செஞ்ச வேலை அப்ப ஞாபகம் வந்துச்சு, காய்ச்சி வடிச்ச தண்ணின்னு அவர் நினைச்சு எழுதினது நிஜத்துல குழாய்த் தண்ணி, அதுல இருந்த கால்சியம்தான் இதயத்தைத் துடிக்க வச்சிருக்கு, 1883ல அவரே அதை வெளிப்படையா எழுதித் திருத்தினார். நானும் மறுநாள் மீட்டிங்ல சிரிஞ்ச் விஷயத்தை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.

அடுத்து வந்த துண்டை ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை ஒட்டி, லைட்டை அணைச்சிட்டுப் பார்த்தேன். நிஃபெடிபின் உள்ள போனதும் திரைல கரண்டைக் காட்டற, கீழ நோக்கி குழி மாதிரி இருந்த கோடு ஒவ்வொரு தடவையும் ஆழம் குறைஞ்சு, ஒரு நிமிஷத்துல கிட்டத்தட்ட நேர்கோடா படுத்துடுச்சு. ரத்தக்குழாய் செல்லோட சவ்வுல உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கற மின்னழுத்த வித்தியாசம் இதய செல்லை விட கம்மி, இந்த வகை மருந்து அந்த நிலைல இருக்கற சேனலைத்தான் நல்லா பிடிக்கும், அதனாலதான் இதயத்தை அவ்வளவா தொடாம குழாயை மட்டும் விரிய வைக்குது. அந்தத் துண்டோட வந்த தாள்ல பேர் கிடையாது. பெண், வயசு 62, ஆம்லோடிபின் 5 மில்லிகிராம். நிஃபெடிபினோட அதே குடும்பத்து மருந்து.

எங்கம்மா முழுங்கறதும் அதேதான். ராத்திரி போன் பண்ணினப்போ, "கணுக்கால் வீங்குதுடா, கிட்னி போயிடுச்சோன்னு பயந்து நாலு நாளா மாத்திரையை நிறுத்திட்டேன்"னு சொன்னாங்க. தினமும் அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தவன் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கல. இந்த மாத்திரை தமனியை விரிக்கற அளவுக்கு சிரையை விரிக்காது, அதனால நுண்குழாய்ல அழுத்தம் கூடி தண்ணி வெளிய கசியும், கிட்னி போய்தான் வீங்கணும்னு இல்லம்மா, நீயா நிறுத்தாத, காலைல டாக்டரைப் பாருன்னு சொன்னேன். அவர் கிட்னி டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துட்டு, டோஸை 2.5 ஆக்கி வேற ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார், வீக்கம் கொஞ்ச நாள்ல வத்திடுச்சு.

அட்டையை ஜன்னல்ல இருந்து நான் கழட்டவே இல்ல. வேலையை விட்டு வந்த அன்னிக்கும் அது அங்கதான் ஒட்டியிருந்துச்சு.