பஞ்சுவுக்கு ஒரு துணை

மார்ச் 16, 2025, ஞாயிறு

என் முயல் பஞ்சுவின் ஜோடி சோளம் செத்துப்போய் இன்றோடு 21 நாள். பஞ்சு இன்னும் அவள் படுத்த சாக்கை விட்டு நகரமாட்டேன் என்கிறான். அறுகம்புல்லை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முயல் அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே குடல் நின்றுபோகலாம், அதனால் காலையும் மாலையும் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாக இருக்கிறது. "அதுக்கு ஒரு துணை பாரு ஆத்தா, ஏங்கியே போயிடும்" என்றாள் அப்பத்தா.

மார்ச் 19

ஆளுக்கொரு யோசனை. கண்மாய்க்கரையில் முயல் பிடித்துத் தருகிறேன் என்றார் எதிர்வீட்டு அண்ணன். வேண்டவே வேண்டாம் என்றேன். காட்டு முயல் வேறு இனம், அதன் குட்டி கண் திறந்து, முடியோடு பிறக்கும், வீட்டு முயல் குட்டி கண் மூடி வெறும் உடம்போடு பிறக்கும். இரண்டும் சேராது, அடைத்துவைத்தால் பயத்திலேயே செத்துவிடும், அதோடு அதைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சித்தி மகன் கினிப்பிக் வாங்கச் சொன்னான். அதன் தீனி வேறு, முயல் ஒரு உதை விட்டால் தாங்காது. முயலுக்கு முயல்தான் துணை. பஞ்சுவுக்கு 2 வருஷம் முன்பே கருத்தடை ஆகிவிட்டதால் பெண்ணாகப் பார்ப்பது என்று முடிவு.

மார்ச் 23, ஞாயிறு

காரைக்குடியில் ஒரு வீட்டில் வெள்ளைப் பெண் முயல். பஞ்சுவைக் கூடையில் கொண்டுபோய் அவள் கூண்டிலேயே இறக்கிவிட்டேன், அது பெரிய தப்பு. அது அவள் இடம், விடுவாளா? காதை மடக்கி, வாலைத் தூக்கிப் பாய்ந்தாள். நான் கையை விடுவதற்குள் கொத்தாக முடி பறந்தது, பஞ்சுவின் காது ஓரத்தில் கீறல். வரும் வழியெல்லாம் கூடைக்குள் அவன் நெஞ்சு அடித்துக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை.

ஏப்ரல் 5, சனி

தேவகோட்டைப் பக்கம் கறிக்கு முயல் வளர்க்கும் பண்ணை. தாய் முயல்களைக் கொடைக்கானல் மேலே மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வாங்கினாராம் பண்ணைக்காரர். இந்தத் தடவை பஞ்சுவைக் கூடையைவிட்டு இறக்கவில்லை, ஒவ்வொரு கூண்டாகப் பக்கத்தில் கொண்டுபோனேன். பாதி முயல்கள் பின்காலால் தரையைத் தட்டின, சில மூலைக்கு ஓடின. சின்சில்லா இனத்துச் சாம்பல் முயல் ஒன்று மட்டும், 8 மாசம் இருக்கும், மெதுவாக வந்து கம்பி ஓரமாகக் காலை நீட்டிப் படுத்தாள். பஞ்சுவும் கூடைக்குள் அந்தப் பக்கமாகவே திரும்பிப் படுத்தான். வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. பெயர் மிளகு.

ஏப்ரல் 22

2 வாரம் தனியறையில் வைத்து, நோய் நொடி இல்லை என்று தெரிந்தபின் இன்று மதுரையில் மிளகுக்குக் கருத்தடை. பஞ்சுவால் குட்டி வராதுதான், ஆனால் பெண் முயலை அப்படியே விட்டால் வயதாக ஆகக் கருப்பையில் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம், பருவக் கோபத்தில் சண்டையும் ஓயாது. முதலில் விசாரித்த இடத்தில் முந்தின ராத்திரியே பட்டினி போடச் சொன்னார்கள், எனக்குப் பகீரென்றது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, பட்டினி போட்டால் குடல்தான் கெடும். முயல் பார்த்துப் பழகிய டாக்டரைத் தேடிப் போனேன். ராத்திரி ஒரு கொத்தமல்லித் தழையை அவளாகவே இழுத்துத் தின்றாள், அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மே 18, ஞாயிறு

கத்திரி வெயில். வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதியில் இரண்டு கூண்டும் அருகருகே, நடுவில் நாலு விரல் இடைவெளி, மூக்கைக் கடிக்க எட்டாது. தினமும் சாக்கை மாற்றிப் போடுகிறேன், அவன் வாசனை அவளுக்கு, அவள் வாசனை அவனுக்கு. சோளத்தின் சாக்கை மட்டும் மாற்றவில்லை, எடுத்தால் பஞ்சு பல்லால் பிடித்து இழுக்கிறான். உச்சிவெயிலுக்கு நனைத்த ஓடும், துணி சுற்றிய ஐஸ் பாட்டிலும்.

மே 25, ஞாயிறு

முதல் சந்திப்பு. பட்டாலை என்கிற கூடத்தில் வைத்தேன், இருவருமே மிதிக்காத இடம். முயல் பாதத்தில் வெறும் முடிதான், நாய் பூனைக்கு இருப்பதுபோல மெத்தை கிடையாது, வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லில் வழுக்கும், அதனால் பாய்ந்து தாக்க முடியாது. பஞ்சு இரண்டு தடவை மேலே ஏறப் பார்த்தான், அவள் சுழன்று திரும்பினாள், துண்டை மடித்து நடுவில் விட்டேன். அப்புறம் மிளகு தாடை தரையில் படும்படி தலையைத் தாழ்த்திக் காதைப் படியவைத்து அவன் முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் மூக்கு மட்டும் ஆடியது. அவன் அவள் இரு கண்ணுக்கும் நடுவே ஒரு நக்கு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதோடு நிறுத்திக்கொண்டேன், 10 நிமிஷம் போதும்.

ஜூன் 8, ஞாயிறு

3 மணி நேரம். ஒரே முறத்தில் தீனி. காலையில் ஒரு துரத்தல், முடி விழவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று ராத்திரிதான் முதல்முறை ஒன்றாக விட்டேன். கூண்டை வினிகர் போட்டுத் துடைத்துப் பழைய வாசனை போனபிறகு இருவரையும் சேர்ந்தே இறக்கினேன். பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். 2 மணிக்குத் தடதடவென்று சத்தம், டார்ச் அடித்தால் பஞ்சு அந்தரத்தில் எகிறி உடம்பை முறுக்கிக் குதிக்கிறான். சோளம் இருந்தபோது கடைசியாகப் பார்த்த சந்தோஷத் துள்ளல் அது. விடியும்போது மிளகு சோளத்தின் சாக்கில் படுத்திருந்தாள். பஞ்சு அவள் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான், காது நுனி இன்னும் ஈரமாக இருந்தது.