மாண்டிசோரி டிப்ளமா: டர்பனிலிருந்து சேர நினைப்பவர்களுக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் சிலர் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்பது இதுதான்: “மாண்டிசோரி டீச்சர் டிரெயினிங் சேரலாமாக்கா? கஷ்டமா?” 3 முதல் 6 வயது வரைக்குமான டிப்ளமாவை இங்கிருந்தபடியே முடித்தவள் என்பதால், ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

சேரும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாண்டிசோரி என்ற பெயர் யாருடைய சொத்தும் இல்லை. யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், யாரும் அந்தப் பெயரில் டிப்ளமா கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வீடியோ பார்த்தே ஒரு கோர்ஸ் முடித்தாள். வேலைக்கான நேர்முகத்தில், குழிகளில் சிலிண்டர்களைப் பொருத்தும் மரப் பலகை ஒன்றை வைத்து, “இந்த சிலிண்டர் பலகையைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பாய், செய்து காட்டு” என்றார்கள். அந்தப் பலகையை அவள் அன்றுதான் முதல்முறை தொட்டாள். ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: உபகரணங்களை நாமே எடுத்துப் பழக எத்தனை மணி நேரம்? உண்மையான வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கவும் கற்பிக்கவும் அனுப்புவார்களா? சான்றிதழ் யாருடையது? இந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரும் மகன் மாரியோவும் 1929இல் தொடங்கிய ஏஎம்ஐ என்ற சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் டிப்ளமாவா, தென்னாப்பிரிக்கத் தகுதிகளைப் பதிவுசெய்யும் சாக்வா பதிவேட்டில் உள்ள தகுதியா, இரண்டும் இல்லையா? அரசுப் பள்ளியில் கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) எடுக்கும் எண்ணம் இருந்தால், எந்தத் தகுதி செல்லும் என்று ஆசிரியர்களைப் பதிவுசெய்யும் சேஸ் அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். 2024ஆம் ஆண்டுச் சட்டம் கிரேடு ஆரைக் கட்டாயமாக்கிவிட்டதால் ஆசிரியர் தேவை கூடும். ஆனால் மாண்டிசோரி டிப்ளமா மட்டும் கையில் இருந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடாது.

படிப்பில் ஆளை வாட்டுவது ஆல்பம். ஒவ்வொரு உபகரணத்தையும் எப்படி அறிமுகப்படுத்துவது, நோக்கம் என்ன, எந்த வயதில் என்று நாமே எழுதிச் சேர்க்கும் தடித்த கோப்பு. லோட்ஷெடிங் காலத்தில் ரீசார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் எழுதிய பக்கங்கள் எனக்கு நிறைய. தயார் ஆல்பம் விலைக்குக் கிடைக்கிறது, வாங்காதீர்கள். வாய்மொழித் தேர்வில் கைகொடுப்பது நீங்களே எழுதிய வரிதான்.

அடுத்தது கவனிப்பு. வகுப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டு, பேசாமல், சிரிக்காமல், உதவாமல் நோட்டில் எழுத வேண்டும். நம்மவர்களுக்கு இது பெரும்பாடு, பிள்ளை சிந்தினால் கை தானாகத் துணி தேடிப் போகும். எழுதுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. “பையன் சோம்பேறி, வேலையில் மனமில்லை” என்பது கவனிப்பு அல்ல, தீர்ப்பு. “9.40: ஜாடியிலிருந்து பருப்பை ஊற்றினான். நான்கைந்து பருப்பு தட்டில் விழுந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜாடியில் போட்டான். திரும்ப ஊற்றினான். 9.52: இன்னும் ஊற்றுகிறான்” என்பதுதான் கவனிப்பு. இப்படி எழுதிப் பழகிய பிறகு அந்தப் பையனைச் சோம்பேறி என்று சொல்ல வாய் வராது.

செய்முறைத் தேர்வுக்கு வருவோம். உபகரணத்தின் பெயர் எழுதிய சீட்டை எடுக்கச் சொல்வார்கள், எது வரும் என்று தெரியாது. பிங்க் டவர் வந்தது என்று வையுங்கள். 10 மரக் கனசதுரங்கள், சிறியது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. பாயை விரிப்பதிலிருந்தே மதிப்பெண் தொடங்குகிறது. கட்டைகளைத் தட்டில் அள்ளி வராதீர்கள், ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவர வேண்டும். சிறியதை இரு விரலால் பிடிக்கும் கை, பெரியதற்கு முழுதாக விரிகிறது. அந்த வித்தியாசத்தைக் கை உணரத்தான் அத்தனை நடை. அடுக்கும்போது பேச்சே வேண்டாம். தேர்வாளர் நிதானமாகக் கேட்பார்: “ஏன் எல்லாமே பிங்க்?” அளவு ஒன்று மட்டும் மாற வேண்டும், நிறமும் மாறினால் குழந்தை எதைப் பார்க்கும்? “மறைமுக நோக்கம்?” பெரிய கட்டையின் கன அளவு சிறியதைப்போல் 1000 மடங்கு. பின்னால் எண் படிக்க உதவும் பொன்னிற மணிகளில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் படிக்கப்போகும் குழந்தையின் கை அதை முன்பே தூக்கிப் பார்த்திருக்கிறது. சிலிண்டர் பலகை என்றால், தப்பைக் குழந்தை தானே எப்படிக் கண்டுபிடிக்கும் என்பார்கள். குழி மாற்றிப் போட்டால் கடைசியில் ஒரு சிலிண்டர் பொருந்தாமல் நிற்கும், ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. இந்த ‘ஏன்’களைத் தயார்செய்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

மூன்று படிப் பாடத்திலும் கேள்வி நிச்சயம். “இது பெரியது, இது சிறியது” என்று சொல்வது முதல் படி. “பெரியதைக் காட்டு” இரண்டாவது. “இது என்ன?” மூன்றாவது. நம் வீடுகளில் எடுத்த எடுப்பில் மூன்றாவதுதான், அதுவும் விருந்தாளி வந்ததும் “மாமாவுக்கு ஏபிசி சொல்லிக் காட்டு!” இரண்டாவது படியில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் பார்ப்பார்.

விரலால் தடவிப் பார்க்கும் உப்புத்தாள் எழுத்துகளில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. அவற்றை எழுத்தின் பெயரால் இல்லாமல் ஒலியால்தான் சொல்லிக்கொடுக்கிறோம். வகுப்பில் ஜூலு பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். ஜூலுவில் சி, கியூ, எக்ஸ் மூன்றும் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள். ஆங்கில ‘சி’யைத் தடவிக்கொண்டே பிள்ளை நாக்கைச் சொடுக்கினால் திருத்தப் போகாதீர்கள். அவன் மொழியில் அவன் சொன்னது சரி. செய்முறை வகுப்பு அறிக்கையில் இப்படி ஒன்றை எழுதினால், நீங்கள் உண்மையாகவே அங்கே இருந்தீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியும்.

எழுத்துத் தேர்வில் உள்வாங்கும் மனம், உணர்திறன் பருவங்கள், தயாரிக்கப்பட்ட சூழல் ஆகியவற்றை எப்படியும் படித்துவிடுவீர்கள். பலர் சறுக்குவது, இந்த முறை உலகெங்கும் பரவிய வரலாற்றில். ஆண்டுகளைக் கொட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஏன் பரவியது, எங்கே அறுந்தது என்று எழுதுங்கள். 1907 ஜனவரி 6, ரோமின் சான் லொரன்சோ. வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் புதுக் கட்டடத்தைப் பாழாக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் தேடியவர்கள் கூப்பிட்ட டாக்டர்தான் மரியா மாண்டிசோரி. 1913இல் ரோமில் சர்வதேசப் பயிற்சி. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வகுப்பைக் கூட்டம் நின்று பார்த்தது. ஆனால் 1914லேயே அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் கடுமையாக விமர்சித்து எழுதியிருந்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அலை அடங்கியது, 1960 வாக்கில்தான் மறுபடி எழுந்தது. இத்தாலியில் முசோலினியோடு மோதல், 1930களின் நடுவில் பள்ளிகளுக்குப் பூட்டு.

1939இல் மாண்டிசோரி அம்மையார் வந்து இறங்கியது நம் சென்னை அடையாறில், பிரம்மஞான சபையின் அழைப்பில். முதல் பயிற்சிக்கே சுமார் 300 பேர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் தாயும் மகனும் எதிரி நாட்டவர் ஆனார்கள், மாரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளன்று விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் 6 முதல் 12 வயதுக்கான பாடங்கள் உருவாயின. இந்தப் பகுதியை நான் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதினேன், தப்பில்லை. என் வாதம் இதுதான்: போன இடத்திலெல்லாம் அவர் விட்டுவந்தது பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும் அளவு மாறாத மரக் கட்டைகளையும். அதனால்தான் அரசுகள் மூடிய பிறகும் அந்த வகுப்புகளை மறுபடி தொடங்க முடிந்தது.

தென்னாப்பிரிக்கத் தொடர்பு ஒன்று சேர்க்க ஆசைப்பட்டால் காந்தி இருக்கிறார். 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவர் பாடம் எடுத்தார், தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில். பாடப்புத்தகம் குறைவு, கைவேலை அதிகம். ஆனால் அதை மாண்டிசோரி வகுப்பு என்று எழுதிவிடாதீர்கள். காந்தியும் மாண்டிசோரி அம்மையாரும் சந்தித்தது 1931இல், லண்டனில்.

கடைசியாக ஒரு காகித வேலை. குழந்தைகளோடு வேலை செய்ய, குழந்தைகளோடு வேலை செய்யத் தகாதவர்களைக் குறித்துவைக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் நம் பெயர் இல்லை என்ற சான்று வேண்டும், அதற்கு ஃபார்ம் 30. முதலுதவிச் சான்றிதழும் பெரும்பாலும் கேட்பார்கள். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல், செய்முறை வகுப்புக்குப் போகும்போதே இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ஃபார்ம் திரும்பி வர நாளாகும்.