ஓட்டனும் கண்டிக்குப் போன அவர் தம்பியும்

என் தாத்தாவுக்குத் தாத்தா, அதாவது என் ஓட்டன், ராசிபுரம் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் இருந்தார், தாது வருஷப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தார், அவருடைய தம்பி கண்டிக்கு, அதாவது இலங்கைத் தோட்ட வேலைக்கு, போய்த் திரும்பவே இல்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டது இவ்வளவுதான். மிச்சத்தைப் பத்திரங்களில்தான் தேட வேண்டியிருந்தது.

பிறப்பு, இறப்புப் பதிவேட்டை நம்பி இறங்குவதில் பயனில்லை. சென்னை மாகாணத்துக்கென்று அதற்கொரு சட்டம் வந்ததே 1899-இல். அதற்கு முந்தைய காலத்தில் கிராமத்து ஆள் ஒருவர் எழுத்தில் தலைகாட்டினால் பெரும்பாலும் அது நிலத்துக்காகவோ கடனுக்காகவோ இருக்கும். எங்கள் நல்ல காலம், ஓட்டனுக்கு இரண்டுமே இருந்தன. அவர் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரங்கள் பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தன. நூறு ரூபாய்க்குக் குறைந்த அடமானத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை என்பதால் அவற்றில் பாதி, பதிவாளர் அலுவலகத்துக்கே போகாதவை. பெட்டி கரையானுக்குப் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

படிப்பதும் லேசில்லை. தமிழ் எண்கள், வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, ரூபாய்க்கு ௹ என்று குறிகள், புள்ளி வைக்காத மெய்யெழுத்துகள். ஒரு பத்திரத்தில் 'தாது௵ மாசி௴' என்று இருந்தது. தாது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும், அது 1816-ஆகவும் இருக்கலாம், 1876-ஆகவும் இருக்கலாம். பக்கத்திலேயே நிலவரிக் கணக்கு ஆண்டான பசலி 1286 என்று போட்டிருந்ததால் தப்பித்தேன். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம், அதுவும் ஜூலையில் தொடங்குவது, ஆக இந்த மாசி 1877-இல் வருகிறது. பஞ்சம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் 19 இலட்சத்துக்கு மேல் இருந்த ஜனம் 1881-இல் 16 இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

பத்திரத்தில் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் நான்கெல்லைதான் என்னைப் பொறுத்தவரை பொக்கிஷம். கிழக்கே இன்னார் காடு, வடக்கே இன்னார் கிணறு என்று எழுதும்போது பங்காளிகள் வரிசையாக வந்து நின்றுவிடுகிறார்கள். பஞ்சத்துக்கு முந்தைய பத்திரங்களில் தென்னெல்லை தம்பியின் பாகம். பஞ்சம் முடிந்த பிறகு எழுதியதில் அதே தென்னெல்லை கடன் கொடுத்தவர் பேரில் இருக்கிறது. தம்பி எப்போது போனார் என்று யாரும் சொல்லாததை அந்த ஒரு வரி ஓரளவு சொல்லிவிட்டது. ஓட்டன் இரண்டிலும் கையெழுத்துக்குப் பதில் கைக்கீறல்தான் போட்டிருக்கிறார்.

சரி, தம்பியைத் தேடலாம் என்று போனால் பெரிய சுவர். அவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியிருந்தால் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை பட்டியலில் எழுதியிருப்பார்கள். 1860-இல் மதராஸிலிருந்து டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பல் தொடங்கி அந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. மொரீஷியஸ் போனவர்களில் பலருக்குப் புகைப்படமே உண்டு. கண்டிக்குப் போனவர்களோ, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி பின்னால் ராமநாதபுரம் கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு மறுபடி நடந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறை இல்லாததால் ஆளுக்கு ஆள் பெயர் எழுதி வைக்க வேண்டிய தேவை அரசாங்கத்துக்கு இல்லை. கடல் தாண்டி ஆப்பிரிக்கா போனவரின் தழும்பு தெரிகிறது, பக்கத்துத் தீவுக்குப் போனவரின் பெயர்கூட இல்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

ஓட்டனின் மனைவி பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. மூத்த பேத்திக்குப் பாட்டி பெயர் வைக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வருகிறது, அதனால் அதுதான் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். நானும் குடும்ப மரத்தில் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.